அழைத்தவர்கள் வரவில்லை

ஒரு புதிய ஊருக்கு ஆட்களை வரவழைப்பது கல்யாணத்துக்கு அழைப்பது மாதிரிதான். பத்திரிகை எவ்வளவு வழவழப்பான காகிதத்தில் அச்சாகியிருந்தாலும், மண்டப வாசலில் அழைத்தவர் நிற்கிறாரா என்றுதான் வருகிறவர் முதலில் பார்ப்பார். பெருநகரங்களை ஒட்டிப் புதிய ஊர்களை உண்டாக்கும் திட்டங்களுக்கு நம் நாட்டில் குறைவே இல்லை. ஆட்சிக்கு வருகிற ஒவ்வொருவரும் ஒரு துணை நகரத்தை அறிவிக்கிறார்கள். வரைபடத்தில் பூங்காக்களுக்குப் பச்சை, ஏரிகளுக்கு நீலம். தொழில் தொடங்குகிறவர்களுக்கு வரிச் சலுகை, வீடு வாங்குகிறவர்களுக்குத் தவணை. இந்த அறிவிப்புகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கேள்விதான் எழும்: அழைக்கிறவர் வருகிறாரா? அப்படி அழைக்கப்பட்ட ஓர் ஊரில் நாற்பது வருடங்களுக்கு மேல் குடியிருக்கிறவனுக்கு வேறு கேள்வி எழாது.

அந்த ஊர் வாஷி. இன்று நவி மும்பையின் நெரிசலான பகுதிகளில் ஒன்று. நாங்கள் குடிபோன 1983-ல் அது பம்பாய்க்குக் கிழக்கே, உப்பங்கழிக்கு அக்கரையில், சில நூறு கட்டடங்களோடு தனித்து நின்ற சிற்றூர். அது ஏன் அங்கே நின்றது என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

பம்பாயைப் பார்க்காதவர்கள் ஒரு விரலைக் கற்பனை செய்துகொள்ளலாம். கடலுக்குள் தெற்கு நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் விரல். வேலை விரல் நுனியில், வீடு மணிக்கட்டில். காலையில் நகரமே தெற்கே ஓடும், மாலையில் வடக்கே ஓடும். இந்த ஓட்டத்துக்கு முடிவு கட்ட 1965-ல் மூன்று பேர் ஒரு யோசனை சொன்னார்கள். கட்டடக் கலைஞர்கள் சார்லஸ் கொரியா, பிரவீணா மேத்தா, பொறியாளர் ஷிரிஷ் படேல். 'மார்க்' இதழில் வெளியான அந்த யோசனையின் சாரம் எளிமையானது. நகரத்தை வடக்கே இன்னும் இழுத்துக்கொண்டே போகாதீர்கள். கழியைத் தாண்டிக் கிழக்கே போங்கள். அங்கே வீட்டையும் வேலையையும் சேர்த்தே வையுங்கள்.

அரசு அதை ஏற்றது. 1970 மார்ச்சில் சிட்கோ என்ற நிறுவனம் பிறந்தது. (தமிழ்நாட்டின் சிறுதொழில் சிட்கோ அல்ல, இது மகாராஷ்டிரத்தின் நகர வளர்ச்சிக் கழகம்.) 344 சதுர கிலோமீட்டர் நிலம், அதற்குள் 95 கிராமங்கள். 1991-க்குள் 20 லட்சம் பேரைக் குடியேற்றுவது என்று திட்டம். பணத்துக்கு வழி? நிலம்தான். விவசாயிகளிடமிருந்து குறைந்த விலைக்கு எடுப்பது, சாலையும் சாக்கடையும் குழாயும் போட்டு அதிக விலைக்கு விற்பது, வந்த பணத்தில் அடுத்த சாலையைப் போடுவது. இந்த ஏற்பாட்டைப் பிறகு பார்ப்போம்; எங்கள் ஊரின் அஸ்திவாரமே அதில்தான் இருக்கிறது.

திட்டம் போட்டவர்கள் வற்புறுத்திய விஷயம் ஒன்று உண்டு. மாநில அரசு தன் தலைமைச் செயலகத்தை அக்கரைக்கு மாற்ற வேண்டும். அமைச்சர்கள் போனால் அதிகாரிகள் போவார்கள். அதிகாரிகள் போனால் அவர்களிடம் காரியம் உள்ள கம்பெனிகள் போகும். கம்பெனிகளோடு குமாஸ்தாக்களும் காப்பிக் கடைகளும் போகும். இந்தக் கணக்கில் பிழை எதுவும் இல்லை. ஆனால் செயலகம் போகவில்லை. போகாததோடு நிற்கவும் இல்லை. அதே எழுபதுகளில்தான், செயலகத்தின் பக்கத்திலேயே கடலைத் தூர்த்த நரிமன் பாயின்டில் அலுவலகக் கோபுரங்கள் வரிசையாக எழுந்தன. விரல் நுனியில் இன்னும் கொஞ்சம் நிலத்தை ஒட்டவைத்துக்கொண்டு, மற்றவர்களைப் பார்த்து அக்கரைக்குப் போங்கள் என்றது அரசு.

அந்த அழைப்பை நம்பி யார் போனார்கள்? எங்களைப் போன்றவர்கள். வங்கி ஊழியர்கள், பொதுத்துறை நிறுவனங்களில் நடுத்தட்டு வேலையில் இருந்தவர்கள், பள்ளி ஆசிரியர்கள். செம்பூரில் ஒற்றை அறை வாடகையே கழுத்தைப் பிடித்த காலத்தில், வாஷியில் அலுவலகக் கடன் போட்டு இரண்டு அறை, சமையலறை, பால்கனியோடு சொந்த வீடு வாங்க முடிந்தது. ஊரை நம்பி வந்தோம் என்று சொன்னால் அது பொய். வீட்டுக்காக வந்தோம். மாட்டுங்காவில் இருந்த என் சித்தப்பா, "வீடு வாங்கியிருக்கேன்னு சொல்றே, வனவாசம் வாங்கியிருக்கே" என்றார். கிரகப்பிரவேசத்துக்கு வந்தவர் மூன்று மணிக்கே கிளம்பிவிட்டார், இருட்டினால் பஸ் கிடைக்காது என்று.

அவர் பயந்தது நியாயம். பாலம் 1973-லேயே வந்துவிட்டது, ரயில் வரவில்லை. ஹார்பர் லைன் மின்சார ரயில் கழிக்கு இக்கரையில் மான்கூர்டோடு நின்றுவிடும். அங்கிருந்து பஸ். வி.டி.யில் ஏழு மணிக்கு ரயிலேறினால் வாஷியில் எத்தனை மணிக்கு இறங்குவோம் என்பது மான்கூர்டில் நிற்கும் வரிசையைப் பொறுத்தது. மழைக்காலத்தில் அந்த வரிசையில் ஒரு மணி நேரம் நின்றதுண்டு. என் மனைவி வேலை பார்த்தது சயானில் ஒரு பள்ளியில். இரண்டாவது வருடமே வேலையை விட்டாள். எங்கள் கட்டடத்தில் பதினாறு வீடுகள். வேலையை விட்ட பெண்கள் நான்கு பேர். துணை நகரத்தின் செலவுக் கணக்கில் இந்த நான்கு சம்பளங்கள் எங்கும் எழுதப்படவில்லை.

பகலில் வாஷியில் இருந்தது குழந்தைகளும் அம்மாக்களும் தாத்தா பாட்டிகளும்தான். ஆண்கள் எல்லாரும் காலையில் கழியைத் தாண்டிப் போய் இரவில் திரும்புவோம். வீடும் வேலையும் பக்கத்தில் பக்கத்தில் என்பது எங்கள் விஷயத்தில் நேர்மாறாக நடந்தது. விரலுக்குப் பதில் முழங்கையிலிருந்து ஓட ஆரம்பித்தோம். தானே–பேலாப்பூர் சாலையில் அறுபதுகள் முதலே ரசாயன ஆலைகள் இருந்தன. அங்கே வேலை பார்த்தவர்களுக்கு மட்டும் வீடும் வேலையும் பக்கம். எங்களுக்கு அந்த ஆலைகளின் காற்று மட்டும் கிடைத்தது.

கடைகள் வரவில்லை. ஊரை வகுத்தவர்கள் நன்றாகவே வகுத்திருந்தார்கள். ஒவ்வொரு செக்டரிலும் நடக்கிற தூரத்தில் பள்ளி, விளையாட்டுத் திடல், கடைகளுக்கென்று ஒரு வரிசை. அந்த வரிசையில் பாதிக்கு மேல் ஷட்டர்கள் இறங்கியே கிடந்தன. ஆள் இல்லாத ஊரில் எதற்குக் கடை என்றார்கள் வியாபாரிகள். கடை இல்லாத ஊரில் எப்படிக் குடியிருப்பது என்றார்கள் வீடு ஒதுக்கப்பட்டவர்கள். பலர் பூட்டுப் போட்டுவிட்டுச் செம்பூரிலும் டோம்பிவிலியிலும் தொடர்ந்து இருந்தார்கள். இந்த முடிச்சைச் சலுகையால் அவிழ்க்க முடியாது. கடை வாடகையைப் பாதியாகக் குறைத்தாலும் வாங்குகிறவன் இல்லையென்றால் அந்தப் பாதியும் நஷ்டம்தான்.

எங்கள் செக்டரில் முடிச்சை அவிழ்த்தது ஓர் உடுப்பி ஹோட்டல். அதை நடத்தியவர் எங்களை நம்பி வரவில்லை. ஷிப்ட் முடிந்து வருகிற ஆலைத் தொழிலாளர்களை நம்பி வந்தார். காலை ஐந்தரைக்குக் கடை திறந்துவிடும். ஐந்தரைக்கு வெளிச்சமும் டீயும் இருந்ததால் பால்காரர் அங்கே வண்டியை நிறுத்தினார். பிறகு பேப்பர் போடுகிற பையன். பிறகு ஒரு கட்ச்சி மளிகைக்காரர், மாதக் கணக்கு நோட்டோடு. ஒரு வருடத்தில் அந்த மூலைக்கு ஆட்டோக்கள் தாமாகவே வந்து நின்றன. தொழிலை ஈர்ப்பது பற்றி எத்தனையோ பேச்சுக் கேட்டிருக்கிறேன். கண்ணால் கண்டது இது ஒன்றுதான்: வியாபாரி சலுகையைப் பார்த்து வருவதில்லை, நடமாட்டத்தைப் பார்த்து வருகிறார்.

அரசு வேறொரு வழியையும் கையாண்டது. வராதவர்களைக் கட்டாயப்படுத்தி வரவைப்பது. பம்பாயின் மொத்த வியாபாரச் சந்தைகள் மஸ்ஜித் பந்தர், பைகுல்லா சந்துகளில் நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. எண்பதுகளின் தொடக்கத்தில் வெங்காயம், உருளைக்கிழங்கு மண்டிகள் வாஷிக்கு மாற்றப்பட்டன. பிறகு மளிகைச் சாமான், தானியம். தொண்ணூறுகளின் நடுவில் பழமும் காய்கறியும். வியாபாரிகள் வருடக்கணக்காக எதிர்த்தார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது. மண்டி என்பது நான்கு சுவர் இல்லை. எந்த ஊர்ச் சரக்குக்கு யார் முன்பணம் தருவார், யாருடைய வாய்ச்சொல்லுக்கு லாரி நிற்கும் என்ற நம்பிக்கைகளின் வலை அது. வலையை அறுக்காமல் இடம் மாற்றுவது லேசில்லை.

ஆனால் மண்டி வந்ததும் ஊரின் முகமே மாறியது. நாசிக் வெங்காயமும் ரத்னகிரி மாம்பழமும் வந்து இறங்கின. விடியற்காலையில் நூற்றுக்கணக்கில் லாரிகள். மூட்டை சுமக்கும் மாத்தாடித் தொழிலாளர்கள், பெரும்பாலும் சதாரா பக்கத்துக்காரர்கள், ஆயிரக்கணக்கில் வந்தார்கள். அவர்களுக்குக் கோபர்கைர்ணே பக்கம் குடியிருப்புகள் கட்டப்பட்டன. வங்கிக் கிளைகள், லாரி பழுதுபார்க்கும் பட்டறைகள், சாப்பாட்டுக் கடைகள். வேடிக்கை என்னவென்றால், மண்டி முதலாளிகளில் பலர் வீட்டை மாற்றவில்லை. நாங்கள் காலையில் மேற்கே போகும்போது அவர்கள் கிழக்கே வந்தார்கள், பாலத்தின் எதிர்ப் பக்கத்தில். கடையைச் சட்டம் போட்டு நகர்த்திவிடலாம். குடும்பத்தை நகர்த்த முடியாது. குடும்பத்துக்குப் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் ராத்திரி பத்து மணிக்கு வீடு திரும்ப ஒரு வழியும் வேண்டும்.

அந்த வழி 1992 மே மாதம் வந்தது. மான்கூர்டிலிருந்து கழியைத் தாண்டி வாஷிக்கு ரயில். பாலம் வந்து பத்தொன்பது வருடம் கழித்து! செலவில் மூன்றில் இரண்டு பங்கை சிட்கோவே நிலம் விற்ற பணத்திலிருந்து கொடுத்தது. ஒரு பங்குதான் ரயில்வேயுடையது. நம் நாட்டில் ஒரு நகரக் கழகம் தன் பணத்தைப் போட்டு ரயிலை இழுத்துவந்தது அபூர்வம். இருபது வருட விளம்பரங்கள் செய்யாததை அந்த ரயில் இரண்டு வருடத்தில் செய்தது. பூட்டுகள் திறந்தன. கல்யாணமாகி வந்த மருமகள்கள் வேலையை விடாமல் இருந்தார்கள். எங்கள் கட்டடத்தின் கணக்கை நான் மறக்கவில்லை: 1992-க்குப் பிறகு தூரத்தைக் காரணம் காட்டி வேலையை விட்ட பெண் ஒருவர்கூட இல்லை.

ரயில் வந்தால் ஊர் வெறும் படுக்கையறையாகிவிடும், எல்லாரும் பம்பாய்க்கே வேலைக்குப் போவார்கள் என்று சொன்னவர்கள் உண்டு. கொஞ்ச காலம் அப்படித்தான் இருந்தது. ஆனால் குடும்பங்கள் நிலைத்த பிறகு வேலை தானாகத் தேடி வந்தது. வாஷி, பேலாப்பூர் ரயில் நிலையங்களுக்கு மேலேயே அலுவலகங்கள் கட்டப்பட்டன. 2004-ல் தானேயிலிருந்தும் ரயில் வந்தது. ஐரோலியிலும் கன்சோலியிலும் கணினி நிறுவனங்கள் கண்ணாடிக் கட்டடங்களில் அமர்ந்தன. இப்போது காலையில் தானே பக்கமிருந்து எங்கள் பக்கம் வருகிற ரயிலில் நிற்க இடமில்லை.

நான் தள்ளிவைத்த நிலக் கணக்குக்கு இப்போது வருகிறேன். விருந்தாளிகளைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். கல்யாணம் யார் வீட்டு முற்றத்தில் நடந்தது?

அந்த 95 கிராமங்களில் இருந்தவர்கள் ஆக்ரி விவசாயிகளும் கோலி மீனவர்களும். நெல் வயல், உப்பளம், கழியில் மீன். எடுத்த விலைக்கும் விற்ற விலைக்கும் இடையில் இருந்த இடைவெளிதான் எங்கள் சாலை, எங்கள் சாக்கடை, எங்கள் ரயில். நியாய விலை கேட்டு அவர்கள் போராடினார்கள். 1984 ஜனவரியில் உரண் பக்கம் ஜாசாயியில் நடந்த போராட்டத்தில் போலீஸ் சுட்டு ஐந்து பேர் இறந்தார்கள். தலைமை தாங்கியவர் தி.பா. பாட்டீல் என்ற விவசாயத் தலைவர். அந்தச் சாவுகளுக்குப் பிறகுதான், எடுத்த நிலத்தில் எட்டில் ஒரு பங்கை, அதாவது பன்னிரண்டரை சதவீதத்தை, வசதிகள் செய்த மனையாகத் திருப்பித் தரும் திட்டம் உருவானது. அதுவும் நடைமுறைக்கு வர மேலும் பல வருடங்கள் பிடித்தன. அதற்குள் பலர் தங்கள் உரிமையைக் கைக்கு வந்த விலைக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

எங்கள் தெருவுக்குப் பால் கொண்டுவந்த காகா பழைய வாஷி கிராமத்துக்காரர். எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் கைநீட்டி, அங்கேதான் அவர் அப்பாவின் வயல் இருந்தது என்று ஒருநாள் காட்டினார். குரலில் கோபம் இல்லை. மராத்தியில் அவர் சொன்னது இதுதான்: "உங்களுக்குக் குழாயில் தண்ணீர் வந்த பிறகு, எங்கள் கிராமத்துக்கு வர எத்தனை வருஷம் ஆச்சு தெரியுமா? நடுவில் ஒரு ரோடுதான்." அந்த ரோட்டை நான் தினமும் தாண்டிக்கொண்டிருந்தேன். ஒரு பக்கம் எண் போட்ட செக்டர், மறுபக்கம் பெயர் உள்ள கிராமம். செக்டருக்குத் திட்டம் இருந்தது. கிராமத்துக்குத் திட்டமே இல்லை. பிறகு கிராமத்துக்காரர்கள் இருந்த துண்டு நிலங்களில் மாடிமேல் மாடி கட்டி வாடகைக்கு விட்டார்கள். அனுமதியில்லாத கட்டடங்கள் என்று செக்டர்காரர்கள் முகம் சுளித்தோம். ஆனால் எங்கள் வீட்டு வேலைக்கு வந்த பெண்ணும், எங்கள் ஆட்டோ ஓட்டுநரும், உடுப்பி ஹோட்டல் சர்வரும் குடியிருந்தது அந்த மாடிகளில்தான். நகரத்துக்கு அழைக்கப்படாதவர்களுக்கு இடம் கொடுத்தது, இடத்தை இழந்த கிராமம்.

மற்ற மாநிலங்கள் நமக்கு நேர் எதிராகச் செய்தும் பார்த்திருக்கின்றன. குஜராத் 1970-லேயே செயலகத்தைக் காந்திநகருக்கு மாற்றியது. அழைத்தவர் வந்தார். ஆனால் வியாபாரம் அகமதாபாதிலேயே இருந்துவிட்டதால், நெடுங்காலம் அது மாலை ஆறு மணிக்கு மேல் அரவமில்லாத அதிகாரிகள் குடியிருப்பாகவே இருந்தது. சத்தீஸ்கர் 2012-ல் செயலகத்தைப் புதிய ராய்ப்பூருக்குக் கொண்டுபோனது. ஊழியர்கள் பழைய ராய்ப்பூரிலிருந்து பஸ்ஸில் போய்ப் பஸ்ஸிலேயே திரும்பினார்கள். அழைத்தவர் மண்டபத்துக்கு வந்து, சாப்பிடுவதற்கு மட்டும் தன் வீட்டுக்குப் போன கதை. அரசு வருவது அவசியம். அது மட்டும் போதாது. ஊழியரின் மனைவிக்கு வேலையும் பிள்ளைக்குப் பள்ளியும் பாட்டிக்கு டாக்டரும் அதே ஊரில் இருக்க வேண்டும்.

இன்று எங்கள் ஊரைப் பார்க்க வெளிமாநிலங்களிலிருந்து அதிகாரிகள் வருகிறார்கள். காட்டுவதற்கு நிறைய இருக்கிறது. 2011 கணக்கெடுப்பில் நவி மும்பை மாநகராட்சியின் மக்கள்தொகை 11 லட்சத்தைத் தாண்டியது. மாநகராட்சிக்குச் சொந்தமாக மோர்பே அணை இருக்கிறது. 2024 ஜனவரியில் கடலின்மேல் 21.8 கிலோமீட்டர் நீளப் பாலம் திறக்கப்பட்டது. 2025 அக்டோபரில் விமான நிலையம் திறக்கப்பட்டது, அதற்குத் தி.பா. பாட்டீலின் பெயரை வைக்க வேண்டும் என்று கிராமத்தார் ஊர்வலம் போனார்கள், மனிதச் சங்கிலி அமைத்தார்கள். தமிழர்களும் குறைவில்லை, கோயில்களும் சங்கமும் பொங்கல் விழாவும் உண்டு. இங்கேயே பிறந்த என் மகளுக்கு மும்பை என்பது போய்வருகிற இடம். ஊர் என்றால் வாஷி. ஓர் ஊர் ஊராகிவிட்டது என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்குத் தேவையில்லை.

ஆனாலும் இரண்டு விஷயங்களைப் பார்க்க வருகிற அதிகாரிகளிடம் யாரும் சொல்வதில்லை. ஒன்று, அன்று நான் வாங்கிய அதே வேலையில் இன்று சேருகிற ஒரு குமாஸ்தா வாஷியில் வீடு வாங்க முடியாது. பன்வேலைத் தாண்டி, கர்ஜத் பக்கம், பத்லாப்பூர் பக்கம் போகிறார். நாங்கள் மான்கூர்டில் நின்ற வரிசையில் அவர் வேறெங்கோ நிற்கிறார். ஆள் வரவில்லை என்று தவித்த ஊர், வர வேண்டியவர்கள் வர முடியாத ஊராகிவிட்டது. இன்னொன்று, மாநில அரசின் மந்திராலயா இன்னும் நரிமன் பாயின்ட் பக்கத்தில்தான் இருக்கிறது. கொங்கண் மண்டல அலுவலகம் பேலாப்பூருக்கு வந்தது, அமைச்சர்கள் வரவில்லை.

அவர்கள் இல்லாமலே ஊர் எழுந்துவிட்டதே என்று கேட்கலாம். எழுந்தது. ஆனால் இருபது வருடத்தில் எழ வேண்டியது நாற்பது வருடம் எடுத்துக்கொண்டது. அந்த இருபது வருடத் தாமதத்துக்கு விலை கொடுத்தது அழைத்தவர்கள் இல்லை. வேலையை விட்ட பெண்கள் கொடுத்தார்கள். கடை வைத்து மூடியவர்கள் கொடுத்தார்கள். எல்லாரையும்விட அதிகமாக, வயலைக் கொடுத்துவிட்டுக் குழாய்த் தண்ணீருக்குக் காத்திருந்தவர்கள் கொடுத்தார்கள்.

இனி எங்காவது ஒரு துணை நகரத்துக்கு விளம்பரம் பார்த்தால், பூங்காவையும் வரிச் சலுகையையும் விட்டுவிட்டு மூன்று விஷயங்களை விசாரியுங்கள். இரவு பத்து மணிக்கு வீடு திரும்ப வழி உண்டா? நிலம் கொடுத்தவர்களுக்கு வந்தவர்களுக்கு முன்னால் தண்ணீர் கிடைத்ததா? அழைக்கிறவர் எந்தத் தேதியில் குடிவருகிறார்? மூன்றாவதற்குப் பதில் இல்லையென்றால், முதல் இரண்டுக்கும் பதில் வர நெடுங்காலம் ஆகும் என்று வைத்துக்கொள்ளலாம். தான் குடியிருக்கப் போகிற ஊருக்குத்தான் எந்த அரசும் அவசரமாக ரயில் விடும்.